சொளகில் விழுந்த சத்தம்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்தாம் வருஷம் மார்கழியில் ஒரு சாயங்காலம், போடியில் மலைமேலிருக்கும் மெட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். எதிரே ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி, சரக்குக் கிடங்கு. உள்ளே காய் தரம் பிரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். காவல்காரன் ஒருவன் சொளகை, மூங்கில் முறத்தை, நீட்டியபடி நின்றான். ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறி, சொளகின் மேல் கைகளைத் தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். வியர்வையில் ஒட்டியிருந்த காய் விழுந்தால் அது குவியலுக்குத் திரும்பும். ஒன்றிரண்டு விழுந்தால் வியர்வை. கைநிறைய விழுந்தால் திருட்டு. அப்படித்தான் அங்கே வழக்கம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

வித்தை காட்டுகிறவர்களும் இப்படித்தானே முதலில் வெறுங்கையை விரித்துக் காட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாக எழுதியது.

இன்னொன்று. எழுதும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவது என் வழக்கம். சுழி போட்ட தாளைக் கிழித்தெறிய மனம் வருவதில்லை. ஆகையால் நான் கைவிட்ட வரிகளும் இங்கே அங்கங்கே கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "காவல்காரன் கண்ணுச்சாமி பொல்லாதவன்."

விட்டுவிட்டேன். காவல்காரன் என்றால் பொல்லாதவனாகத்தான் இருப்பான் என்று என் பேனா தானாகவே முடிவு செய்துகொண்டது. அந்த மனுஷன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்?

இரண்டாம் தொடக்கம்: "குரங்கணிப் பக்கத்திலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏலத்தின் மணம் தெருவெல்லாம்—"

இதையும் விட்டேன். போடிக்காரர்களுக்கு அந்த மணம் தெரிவதே இல்லை. எல்லார் கையும் மணக்கும் ஊரில் வாசனை எதற்கும் சாட்சியாகாது. (இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.)

மூன்றாவதாக ஒரு ஜீப்பு வந்து நின்றது. கதை அதில் ஏறிக்கொண்டது.

3

ஜீப்பு சிக்கந்தருடையது. மெட்டுக்கு ஆள் ஏற்றிப் போய், காய் லோடு இறக்கிக்கொண்டு வருகிறவன். குமுளிச் சந்தையில் வழி தவறி நின்ற வித்தைக்காரன் ஒருவனை ஏற்றிவந்தபோது, வளைவுக்கு ஒன்றாக நாலைந்து வித்தைகளைக் கற்றுக்கொண்டான். அவற்றை இப்போது கண்ணுச்சாமியும் கற்றுக்கொண்டிருந்தான். இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. மாமா, மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். லோடு இறக்கும் மத்தியான நேரம்தான் பள்ளிக்கூடம். ஜீப்பின் பானட்டுதான் பலகை.

முதலில் சீட்டுக்கட்டு. இரண்டு சீட்டை ஒரே சீட்டுபோலத் தூக்க வேண்டும். கண்ணுச்சாமி தூக்கினான்.

"ராணி எங்க மாப்ளே?"

"கீழ விழுந்துட்டா மாமா."

"விழாம? செங்கல்லத் தூக்குற மாதிரி தூக்குனா எவ நிப்பா?"

சீட்டு அதோடு நின்றது. விரல் தடிமன் ஒரு காரணம். சிக்கந்தரின் மனைவி மரியம் பீவி இன்னொரு காரணம். அவளுக்குச் சீட்டு என்றால் சூது. "அந்தக் கட்டு நம்ம வாசப்படியத் தாண்டுச்சு, நீங்களும் அதோட வெளியிலதான்" என்று சொல்லிவிட்டாள். (நான் மரியம் பீவியின் கட்சி. சீட்டைக் கதைக்குள் விட்டதே எனக்கு உறுத்தல்தான்.)

அதன் பிறகு டீக்கடை சாசரும் ஏலக்காயும். சாசரில் சில காய்களைப் போட்டு, ஓரத்தை வலக்கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே லேசாகச் சாய்த்தால் காய்கள் உருண்டு உள்ளங்கைக்குள் போய்விடும். பார்க்கிறவனுக்குச் சாசர் காலியாகத் தெரியும். கண்ணுச்சாமியின் கை இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பிடிபட்டான்.

"உனக்கு எல்லாம் வருது மாப்ளே, கண்ணுதான் வரல. திருடுற கையவே பாக்குற. நீ பாக்குற எடத்தத்தான் ஊரே பாக்கும்."

"என் சோலியே கையப் பாக்குறதுதான மாமா."

"சோலிய வாசல்ல வச்சுட்டு வா."

"வச்சுட்டுத்தான் வர்றேன். அது பின்னாலயே வருது."

"பெருவெரலப் பாரு, செத்த பல்லி கணக்கா வெறச்சுக் கெடக்கு. உள்ள எதையோ வச்சிருக்கன்னு அதுவே சொல்லிருது. ஆமா, இத்தன பாடு உனக்கு எதுக்கு?"

கண்ணுச்சாமி காய்களைப் பொறுக்கிச் சாசரில் போட்டான். "என் கையக் கண்டா அந்தப் பொம்பளைகளுக்கு நெஞ்சு அடிச்சுக்கிது மாமா. ஒரு நாளாச்சும் இதே கையப் பாத்துச் சிரிக்கணும்."

சிக்கந்தர் கேலியை விட்டுவிட்டு, "இன்னொரு தடவ சாயி மாப்ளே" என்றான்.

4

இனி ராக்கு வர வேண்டும்.

"ராக்கு புருஷனை இழந்தவள். வீட்டில் சின்னவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கஷாயத்துக்கு—"

நிறுத்திவிட்டேன். இது என் கைவித்தை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை ஒன்றை உங்கள் முன்னால் நீட்டினால் நீங்கள் அதையே பார்ப்பீர்கள். ராக்கு எடுத்த காயைப் பார்க்கமாட்டீர்கள். வேலை எனக்கு லேசாகிவிடும். அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது சுகமாக இருக்கட்டும்.

ராக்கு ஒரு கைப்பிடி ஏலக்காய் எடுத்தாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து மாலைவரை காயைப் பிரிக்கிறவள். அதில் ஒன்றுகூட அவள் வீட்டுப் பானையில் விழுந்ததில்லை என்பது மட்டும் தெரியும். பொங்கல் பக்கத்தில் இருந்தது. அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் கேட்டுவிட்டுக் காட்டும் இரக்கம் அரை இரக்கம் என்று நினைக்கிறவன் நான். ஆகவே காரணம் இல்லாமலே அவளை வரிசையில் நிறுத்துகிறேன்.

5

அன்று வாசலில் முதலாளியும் நின்றார்.

அவரைக் கெட்டவராக எழுத மாட்டேன். அனுப்பும் சரக்கு எடை குறைகிறது என்று மதுரையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிடிபடுகிறவள் பெயரை எல்லாக் கிட்டங்கிக்கும் சொல்லிவிடுவேன் என்று காலையிலேயே அறிவித்திருந்தார். அப்படிப் பெயர் போய்விட்டால் போடியில் அவளுக்கு எந்த வாசலும் திறக்காது. பிறகு பக்கத்துத் தேவாரம் ஊர்க் காடுகளில் களையெடுக்கப் போக வேண்டியதுதான், அங்கே கூப்பிட்டால்.

மற்ற நாட்களில் "அண்ணே, அப்படியே ரேகையும் பாத்துச் சொல்லுங்க" என்று யாராவது கண்ணுச்சாமியைச் சீண்டுவார்கள். அன்று முந்தானை உதறும் சத்தமும் கை தட்டும் சத்தமும்தான் கேட்டன.

முதலாளி வந்து நின்றபோது ராக்கு வரிசையின் நடுவில் இருந்தாள். பின்னால் போக முடியாது. கையில் இருப்பதைக் கீழே விடவும் முடியாது. அவளுக்குப் பின்னால் நின்ற சுருளியம்மாள் முதுகில் இடித்தாள்.

"வெரசா நகரு ஆத்தா. அடுப்பு மூட்டணும்."

ராக்கு நகர்ந்தாள்.

கண்ணுச்சாமி அவள் கையைப் பார்த்தான். வலக்கை லேசாக மூடியிருந்தது. பெருவிரல் விறைத்து நின்றது. அந்தப் பெருவிரலை அவனுக்குத் தெரியும். தினமும் மத்தியானம் பானட்டின் மேல் பார்க்கிற அவனுடைய பெருவிரல்தான் அது.

"ம்" என்றார் முதலாளி. அவர் ராக்குவைப் பார்க்கவில்லை. கண்ணுச்சாமியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை நிற்கும் இடத்தில் திருட்டு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குத்தான் அவனுக்குக் கூலி.

கண்கள் அவள் கையிலேயே நின்றன. எடுக்கப் பார்த்தான். வரவில்லை. முதலாளியின் தலை மெதுவாக அந்தக் கையின் பக்கம் திரும்பத் தொடங்கியது.

அப்போதுதான் கண்ணுச்சாமி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வாசலில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன ஆத்தா, மொகம் இப்பிடி வெளுத்துக் கெடக்கு? மலைக்காய்ச்சலா?"

(அவன் பொய் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தான். முகமும் உண்மையில் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் ஏமாற்று ஏமாற்றுதான் என்று நீங்கள் சொன்னால், நான் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு விளக்கேற்றி உட்கார்ந்தேன்.  சொளகு அப்போதும் நீட்டியபடியே இருந்தது.)

மலைக்காய்ச்சல் என்ற பேச்சைக் கேட்டதும் முதலாளியும் முகத்தைப் பார்த்தார். ஒட்டிக்கொள்ளுமோ என்று ஓர் அடி பின்வாங்கவும் செய்தார். சுருளியம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

"தட்டு ஆத்தா" என்றான் கண்ணுச்சாமி. "பயப்படாத, தட்டு."

ராக்கு சொளகின் மேல் கையைத் திறந்துவிட்டாள். காய்கள் விழுந்தன. சொளகு சாய்ந்தது. அவன் வலக்கை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பெருவிரல் விறைக்கவில்லை. சிக்கந்தர் பார்த்திருந்தால் பானட்டில் தட்டியிருப்பான்.

ஆனால் ஒரு பிசகு. சிக்கந்தர் சாசரில் எப்போதும் கைக்குட்டையை விரித்துத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். சொளகில் துணி இல்லை. காய்ந்த காய்கள் மூங்கிலில் விழுந்தபோது, திடீரென்று தூறல் போட்டு நின்றது போல் ஒரு சத்தம்.

இது கைநிறைய விழுந்த சத்தம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்டே வளர்ந்த காதுகள்.

முதலாளி சொளகைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. ராக்குவின் கைகளைப் பார்த்தார். இரண்டும் விரிந்து காலியாக இருந்தன. பிறகு கண்ணுச்சாமியின் பக்கம் திரும்பினார்.

"கண்ணுச்சாமி, உன் கையக் காட்டு."

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் கண்ணுச்சாமி கையைத் திறக்கிறான், கை காலி. பெண்கள் சிரிக்கிறார்கள். அவன் ஆசை நிறைவேறுகிறது. ஆனால் அந்தக் காய்கள் எங்கே போயின? எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியாத வித்தையை உங்களிடம் காட்டக் கூடாது.

இரண்டாவதில் கை நிறையக் காய்கள். "நாந்தான் எடுத்தேன்" என்கிறான். வேலை போகிறது. ராக்கு—

எழுத முடியவில்லை. அவள் சும்மா நிற்பாளா, "இல்ல, நாந்தான்" என்பாளா என்று எனக்குத் தெரியாது. எதைச் சொல்ல வைத்தாலும், அது என் வசதிக்காகச் சொல்ல வைத்ததாகிவிடும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. முதலாளி திறந்த கையைப் பார்க்கிறார், அந்த விரல்களைத் தம் கையாலேயே மூடிவிட்டு, "வியர்வை. குவியல்ல போட்டுரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். எழுதியதும் எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவரை நல்லவராக்க எனக்கு ஒரு வரி போதும். என் இரக்கத்தை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பிறகு நானே எடுத்துக் காட்டி வியந்துகொள்கிறேன். அது கடைசியில் சாசர் வித்தைதான்.

7

ஆகவே கையை நான் திறக்கவில்லை.

வாசலில் எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். சுருளியம்மாளின் அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. தெருவில் சிக்கந்தரின் ஜீப்பு ஹாரன் அடிக்கிறது. இங்கே நடப்பது அவனுக்குத் தெரியாது. ராக்கு தன் வெறுங்கைகளை இன்னும் கீழே இறக்கவில்லை. எல்லார் கையும் ஒன்றுபோலவே மணக்கிறது.

முதலாளி நிற்கும் இடத்தை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். அங்கே வந்து நில்லுங்கள். "கையைக் காட்டு" என்று சொல்லியாகிவிட்டது. அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அவன் திறக்கத்தான் போகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விரல்கள் விரியும்போது கையைப் பார்க்காதீர்கள். அவன் முகத்தைப் பாருங்கள். அவன் ராக்குவைப் பார்த்தது போல.

அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ, அதைச் சொல்லுங்கள். வரிசை காத்திருக்கிறது.