துணி சுற்றிய ட்யூப்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலூரில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒருவன் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அவ்வளவுதான். அவனை மனைவி இறந்தவன் ஆக்கியது நான். எனக்குத் தெரிந்ததைத்தானே சேர்க்க முடியும்.

2

முதல் தொடக்கம்: பி.ஏ. தேறிய வெள்ளைத்துரைக்கு, மனைவி செல்லக்கிளி போன பிறகு உலகமே இருண்டு—

இல்லை. எதுவும் இருளாது. மறுநாளும் ரேஷன் கடை திறந்துதான் இருக்கும்.

இரண்டாவது: 1983 ஜூனில் வெள்ளைத்துரைக்குப் போலீஸ் தேர்வு. கம்பியைப் பிடித்து, மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி எட்டு முறை உடம்பை இழுக்க வேண்டும். அவனால் ஒன்றுகூட முடியவில்லை. பஞ்சர் கடைக்காரன் கண்ணுச்சாமி, செல்லக்கிளியின் அண்ணன். அவன் லாரி ட்யூபை அகலமான வளையமாக அறுத்துக் கம்பியில் மாட்டினான். அதற்குள் முழங்காலை வைத்தால் ரப்பர் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.* வாராவாரம் அகலத்தைக் குறைத்துக்கொண்டே வருவது ஏற்பாடு. கடைசியில் ரப்பரே இருக்காது.

(* முழங்கால் உரியாமலிருக்க ரப்பர்மேல் வேட்டித்துணி சுற்றியிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்று வெள்ளைத்துரை பார்த்ததில்லை.)

3

வேலை கிடைத்தால் செல்லக்கிளியின் தங்கை முத்துத்தாயை அவனுக்குக் கட்டிவைப்பதென்று இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது. வழக்கம்தான். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இங்கேதான் இவன் எனக்குப் பிடிபடாமல் போகிறான். வேண்டாமென்றால் எதற்கு இப்படி இழுக்கிறான்? வேண்டுமென்றால் முகம் ஏன் [முடிக்க வரவில்லை]

4

தேர்வுக்கு முந்தின நாள் ட்யூபோடு எட்டு எடுத்தான்.

"அம்புட்டுத்தான் மாப்ள! காக்கி தைக்கக் குடுத்துர வேண்டியதுதான்."

"ட்யூபைக் கழட்டுங்க மச்சான். சும்மா எடுத்துப் பாக்குறேன்."

"இன்னிக்கி எதுக்கு? கை ஓஞ்சு போகும்."

வெள்ளைத்துரையே கழற்றினான். துணி அவிழ்ந்தது. ஒரு விரல் அகலத்துக்கு ஒரே வளையம் இருக்க வேண்டும். இருந்தது ஒரு கொத்து. வாராவாரம் அறுத்தெடுத்த வளையங்களையெல்லாம் கண்ணுச்சாமி உள்ளேயே வைத்துச் சுற்றியிருக்கிறான்.

"என்ன மச்சான் இது?"

"மொதத் தடவ அறுத்தப்பவே பாதியில நின்னுட்டீக. மூஞ்சியப் பாக்க முடியல, மாப்ள. அங்கிட்டு அந்தப் புள்ளைக்குச் சேல எடுத்தாச்சு."

"நாளைக்கு அங்க யாரு துணி சுத்துவா?"

"நான் வேணா கீழ நின்னு தூக்கவா?"

வெள்ளைத்துரைக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுச்சாமி பயந்துபோனான்.

வெறும் கையோடு ஒருமுறை இழுத்துப் பார்த்தான். நெற்றிதான் கம்பி வரை வந்தது.

(இத்தனை நாள் ரப்பரின் பலம் அவனுக்குத் தெரியாமலா இருந்தது என்று கேட்பீர்கள். தெரியாது. அல்லது தெரிந்தே—)

5

ஒரு முடிவு: எட்டு எடுத்தான், ஆவணியில் கல்யாணம். எழுதிப் பார்த்தேன். நான் துணி சுற்றிக் கொடுத்தது போலிருந்தது.

இன்னொன்று: தோற்றான், கல்யாணம் நின்றது. அவனுக்கு அது நிம்மதியா, அவமானமா? இரண்டையும் எழுதி அடித்தேன்.

ஆகவே மைதானத்தில், விசில் ஊதியபின், கம்பியில் தொங்கும் இடத்தில் நிறுத்துகிறேன். 'கையை விட்டான்' என்று எழுதினேன். விடவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். விடவில்லை. மேலேயும் வரவில்லை.

எண்ணுகிறவர் இன்னும் 'ஒன்று' சொல்லவில்லை. நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வதானால், அவன் மோவாயைப் பார்த்துச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள்.