முதலில் திருப்பிச் சொல்லணும்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. லிஃப்ட் பழுது. இரண்டு கையிலும் காய்கறிப் பை, போதாததற்கு மூட்டுவலி. நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, குறுக்கே மஞ்சள் பட்டை. உள்ளே, லிஃப்ட்டின் கூரை மேல் ஒருத்தி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

எழுதலாமா என்று பிறகு அவளிடமே கேட்டேன்.

"எழுதுங்க சார். ஆனா என்னை அழ வைக்காதீங்க. இந்த மாதிரிக் கதைனாலே மூணாம் பக்கத்துல மூக்கைச் சிந்த வெச்சிடுறாங்க."

2

முதல் தொடக்கம்: 'அவள் கண்களில் சொல்லொணாச் சோகம் ததும்பி...'

(அடித்துவிட்டேன். அவள் கண்ணில் இருந்தது தூசி விழாமலிருக்கப் போட்ட கண்ணாடி.)

இரண்டாம் தொடக்கம்: 'சின்ன வயதிலிருந்தே அவள் மற்ற பெண்களைப் போல...'

(இதுவும் பொய். இருபத்தெட்டு வயது வரை அவளுக்கே தெரியாது. பையன்கள் இரண்டு பேரைக் காதலித்துப் பார்த்தாள். இரண்டு பேருமே தங்கமானவர்கள். குழப்பமே அதில்தான்.)

3

கூட்டாளிகள் அவளைக் குருவி என்பார்கள். எப்போதும் லிஃப்ட் உச்சியில் உட்காருவதால் வந்த பெயர். மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தவன் அவசரம். (எதையும் ஆமை வேகத்தில் செய்வதால் வந்த பெயர்.) தரைத்தளத்தில் நின்றவள் குருவியின் அறைத்தோழி. ஆறு வருடமாக ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி.

அவர்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கூரை மேல் இருப்பவர் வாக்கிடாக்கியில் எதைச் சொன்னாலும் மற்ற இருவரும் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி, சந்தேகம், வாய்ச்சண்டை எல்லாம் அதற்கப்புறம்தான். திருப்பிச் சொல்லாமல் பட்டனைத் தொட்டால், மேலே இருப்பவர் உயிருக்கு உத்தரவாதமில்லை.

குருவி நாலு மாதமாக ஒரு விஷயத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அறைத்தோழி கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்விதான் பயம்: 'இத்தனை வருஷமா உன் முன்னாடிதானேடி துணி மாத்தினேன்?' அப்புறம் அந்த அறையும் போகும், தோழியும் போவாள்.

வேறெங்கே சொன்னாலும் பாதியிலேயே மறிப்பார்கள். லிஃப்ட் கூரை மேல் இருந்து சொன்னால் மறிக்க முடியாது. விதி அப்படி.

(இந்த உத்தி எனக்குத் தோன்றியதல்ல. தோன்றியிருந்தால் நான் எப்போதோ பெரிய எழுத்தாளன் ஆகியிருப்பேன்.)

4

"ரெண்டு பேரும் கேளுங்க. லிஃப்ட் நிக்குது. நான் மேல இருக்கேன்."

"லிஃப்ட் நிக்குது. நீ மேல இருக்கே," என்றான் அவசரம்.

"லிஃப்ட் நிக்குது, நீ மேல இருக்கே. சீக்கிரம்டி, பசிக்குது," என்றாள் அறைத்தோழி.

"எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்குது. முழுசாத் தெரியல. ஆனா அப்படித்தான்னு தோணுது."

கொர்ர் என்று ஒரு இரைச்சல்.

"உனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்குது. முழுசாத் தெரியல. ஆனா அப்படித்தான்னு தோணுது." அவசரம்தான். எந்த மாடியில் நிறுத்த வேண்டும் என்பதைத் திருப்பிச் சொல்லும் அதே குரல். "இப்ப கேள்வி கேக்கலாமா?"

"கேளு."

"இதுக்காகவா நாலு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே? என் மேலதான் கோவம்னு நெனச்சு உன் டூல்பாக்ஸையும் சேத்து நானே சுமந்தேனேடி பாவி!"

குருவி வாய்விட்டுச் சிரித்தாள். தன் மனசுக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்த வாக்கியத்தை இன்னொருவன் வாயால் கேட்டாயிற்று. கம்பி அறுந்து விழவில்லை. கூரை அப்படியே நின்றது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அப்போதுதான் படியில் என்னைப் பார்த்தாள்.

"சார், கேட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா... வந்து..."

"அப்ப நீங்களும் திருப்பிச் சொல்லணும். ரூல்."

சொன்னேன். முப்பது வருடமாகக் காதல் தொடர் எழுதுகிற என் வாயில் அந்த வாக்கியம் முதல் தடவையாக வந்தது. என் கதாநாயகிகளில் ஒருத்திகூட இத்தனை நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை.

5

கீழேயிருந்து மட்டும் சத்தமே இல்லை.

முடிவு அ: அறைத்தோழி வாக்கிடாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல்...

(கிழித்துவிட்டேன். அழ வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

முடிவு ஆ: நாலு மாடியும் ஓடி ஏறி வந்து கட்டிப்பிடித்து...

(பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பசியில் நாலு மாடி யார் ஏறுவார்?)

அவள் நிஜமாகவே என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். குருவிதான் எழுத விடவில்லை. "நான் சொன்னது என்னோடது, தாராளமா எழுதிக்கங்க. அவ சொன்னது அவளோடது. அவளைத்தான் கேக்கணும்."

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். லிஃப்ட் நிற்கிறது. குருவி மேலே இருக்கிறாள், சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்கும் உத்தேசமில்லாமல்.

"கீழ, கேக்குதா?" என்கிறாள்.

வாக்கிடாக்கி இப்போது உங்கள் கையில்.

முதலில் திருப்பிச் சொல்லுங்கள். கேள்வி அப்புறம்.