எல்லிஸ் விழுங்கிய எழுத்து

பாட்டில் 'நீ' என்று பாடுவது கோழைத்தனம் என்பான் எல்லிஸ். ஆண்களை நினைத்து உருகிப் பாடிய ஆண்கள் எங்களுக்கு முன்னாலும் இருந்தார்கள். அத்தனை பேரும் 'நீ', 'உன்', 'உனக்கு' என்று பாடித்தான் பிழைத்தார்கள். 'நீ'யில் மீசையும் இல்லை, கூந்தலும் இல்லை. கேட்கிறவர் தமக்கு வேண்டியதை ஒட்டவைத்துக்கொள்ளலாம். எல்லிஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் எழுதிய பாட்டின் பல்லவி இப்படி முடியும்: "நான் காத்திருந்தது அவன், ஆட வந்ததும் அவன்." மான்செஸ்டரில் எங்கள் ஆட்கள் கூடும் கிளப்புகளில் அந்த இடம் வந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

இவ்வளவு வீரம் பேசுகிறவன் அம்மா முன்னால் மட்டும் பூனைக்குட்டி.

நான் நோரீன் டஃபி. 'நைலான் சண்டே' என்ற எங்கள் இருவர் குழுவில் பாட்டு அவன், மற்றதெல்லாம் நான். சிந்தசைசர், ட்ரம் மெஷின், அறுந்த வயர், கிளப் முதலாளிகளோடு சண்டை எல்லாம் என் தலையில். எங்களைக் காதலர்கள் என்று எல்லிஸின் அம்மா வின்னியிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே முடிவு செய்துகொண்டாள். ஓர் ஆணும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே வேனிலிருந்து ஓல்டமில் அவள் வீட்டு வாசலில் இறங்கினால் வேறென்ன நினைப்பாள்? வேனை ஓட்டிவந்த டெல்ராய் அவள் கணக்கில் டிரைவர். உண்மையில் பாட்டில் வரும் 'அவன்' அந்த டெல்ராய்தான்.

"டிரைவர் தம்பிக்கு இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வைடி கண்ணு. பாவம், மூட்டை தூக்குற உடம்பு" என்பாள் வின்னி. டெல்ராய் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் என் காலை மிதிப்பான்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எல்லிஸ் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். நானும் அவனை அவசரப்படுத்தவில்லை. என்னைப் பெற்றவள் சால்ஃபோர்டில் இருக்கிறாள். நான் என் காதலி க்ளெனிஸோடு குடித்தனம் போன அன்று கதவைச் சாத்தினாள், சாத்தினது சாத்தினதுதான். அதனால், "என்னை அம்மான்னே கூப்பிடு" என்று வின்னி சொன்னபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. வறுத்த இறைச்சியும் குழம்புமாக அவள் என் தட்டை நிரப்பும்போது, இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உண்மை வெளியே வந்தால் எல்லிஸ் அவளுக்கு மகனாகவே இருப்பான். நான் யாராக இருப்பேன்?

ஒருநாள் வின்னி பாட்டைக் கேட்க வேண்டும், கேசட் கொண்டுவா என்றாள். எல்லிஸ் வெளுத்துப்போனான்.

"ஏதாவது பண்ணுடி நோர்."

பண்ணினேன். ட்ரம் மெஷினில் கைத்தட்டல் சத்தத்துக்கு ஒரு பொத்தான் உண்டு. 'அவன்' முடிகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு தட்டல் வைத்தேன். 'அவ—' டப்! ன்னா ள்ளா என்று கடவுளுக்கே தெரியாது.

வின்னி முப்பது வருடமாக மெதடிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்பது எங்கள் இருவருக்கும் நினைவில்லாமல் போயிற்று. இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். இடுப்பு தானாக ஆடியது. பாட்டு முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. காலு சும்மா நிக்க மாட்டேங்குது. ஆனா கடைசி எழுத்தை ஏன்டா முழுங்குற? 'அவள்'னு தெளிவா சொல்றதுக்கென்ன? ள்! நாக்கை மடி! கட்டிக்கப்போறவளைப் பத்திப் பாடுறே, வாயைத் திறந்து பாட வேணாமா?"

"சரிம்மா."

"சரின்னா சொல்லு. அவள்."

"அவள்" என்றான் எல்லிஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"டிரைவர் தம்பி, நீயும் சொல்லு. கூடச் சொன்னாத்தான் இவனுக்கு வரும்."

"அவள்ள்ள்" என்றான் டெல்ராய், பாதிரியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. திரும்பி வரும்போது வேனை ஓரங்கட்டிவிட்டு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எல்லிஸ்தான் முதலில் நிறுத்தினான்.

1988 குளிர்காலத்தில்தான் அந்தச் சட்டம் வந்தது. எங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குற்றம் என்கிற மாதிரி ஒரு பிரிவு. அதை உள்ளாட்சி மசோதாவுக்குள் சொருகியிருந்தார்கள், ரொட்டிக்குள் கல்லை வைத்த மாதிரி. பிப்ரவரியில் மான்செஸ்டரில் பெரிய ஊர்வலம். முடிகிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாரியை நிறுத்தி அதன் மேல் நாங்கள் பாடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று வின்னி கேட்டதற்கு எல்லிஸ், "உள்ளாட்சி மசோதாவை எதிர்த்துப் போராட்டம்மா" என்றான். பொய்யில்லை. ஆனால் உண்மையை அவ்வளவு சிக்கனமாகச் சொன்னவனை நான் பார்த்ததில்லை.

வின்னியின் முகம் சிவந்தது. "உள்ளாட்சியா? குப்பை எடுத்து எத்தனை வாரம் ஆச்சு தெரியுமா? வரியை மட்டும் ஏத்தத் தெரியுது! நானும் வர்றேன்."

"வேணாம்மா, குளிரு" என்றான் எல்லிஸ்.

"கம்பளிக் கோட்டு எதுக்கு இருக்கு?"

அவள் வரமாட்டாள் என்றே நம்பினோம். வந்தாள். தேவாலயத்துக்குப் போடும் கோட்டும் தொப்பியுமாக, விளக்குமாற்றுக் குச்சியில் அட்டையை ஆணியடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் பெரிய எழுத்தில்: 'எங்கள் தெருக் குப்பையை எப்போது அள்ளுவீர்கள்?'

நான் லாரி மேலிருந்து பார்த்தேன். தெரு நிறைய எங்கள் ஆட்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு இரண்டு பெண்கள், தோல் சட்டைக்காரர்கள், வேலை போய்விடும் என்று தலையில் காகிதப் பை மாட்டிக்கொண்டு வந்த ஆசிரியர்கள். அத்தனை பேருக்கும் நடுவே வின்னி. உதட்டுச் சாயம் பூசிய ஒரு தடியன் அவள் அட்டையைப் படித்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டான். "அம்மா, பிரமாதம்! அந்தச் சட்டம் போட்டவனுங்களத்தானே சொல்றீங்க? அள்ளிருவோம்!" என்று கத்தினான். சுற்றிலும் கைத்தட்டல். வின்னிக்குப் பெருமை தாங்கவில்லை. ஓல்டமின் குப்பைப் பிரச்சினைக்கு இத்தனை ஆதரவா என்று நினைத்திருப்பாள். கூட்டம் நகர நகர நேரே லாரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

ட்ரம் மெஷினை ஓடவிட்டேன். அடிவயிற்றில் அந்தத் தாளம் இறங்கியதும் தெருவே குதித்தது. காகிதப் பைகள் குதித்தன. அழுவதற்கு எத்தனையோ காரணம் இருந்த கூட்டம் அது, அன்றைக்கு வேண்டுமென்றே ஆடியது. எங்களை அழிக்க நினைக்கிறவனுக்கு நாங்கள் ஆடுவதைப் போல் எரிச்சல் தருவது வேறெதுவும் இல்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். வின்னியும் அட்டையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஆடினாள்.

பல்லவி வந்தது. "ஆட வந்ததும் அவ—" என் விரல் பொத்தானை அழுத்தியது. டப்!

வின்னி ஆட்டத்தை நிறுத்தாமலே எல்லிஸைப் பார்த்துத் தன் வாயைச் சுட்டிக்காட்டினாள். நாக்கை மடி என்று சைகை.

சரணத்துக்கு நடுவில் பாட்டில்லாத இடத்தில் எல்லிஸ் என் பக்கம் குனிந்தான்.

"கையை எடு நோர்."

"உங்கம்மா முன்னாடி நிக்கிறாங்கடா, கண்ணு தெரியலயா?"

"அதனாலதான் சொல்றேன். இத்தனை பேரு முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் ஒரு எழுத்தை ஒளிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"உனக்கென்ன, நீ புள்ள. எனக்குத்தான்டா அந்த வீடு போகும்."

அவன் மைக்கை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். எனக்குக் கோபம் மண்டைக்கேறியது. ஒன்றரை வருடம் பூனைக்குட்டியாக இருந்துவிட்டு இன்றைக்குத்தானா சிங்கமாக வேண்டும்? ஆனால் தலையில் பை மாட்டிய ஒரு பெண் அந்த நேரம் பார்த்துப் பையைக் கழற்றி வீசினாள். வியர்த்துச் சிவந்த முகம், நாற்பது வயதிருக்கும், சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எல்லிஸ் பாடினான். "நான் காத்திருந்தது அவன், ஆட வந்ததும் அவன்." அம்மா சொல்லிக்கொடுத்தபடி வாயைத் திறந்து, எழுத்தை முழுதாக முடித்து, மணி அடித்த மாதிரி. தெரு முழுக்கத் திருப்பிப் பாடியது.

வின்னி முதலில் தலையாட்டினாள். இப்போதுதான் ஒழுங்காகப் பாடுகிறான் என்ற திருப்தி. அதற்கப்புறம்தான் சொன்னது என்ன என்பது உறைத்தது. ஆட்டம் நின்றது. சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அட்டை மெல்லக் கீழே இறங்கியது.

பாட்டு முடிந்ததும் லாரிக்குப் பின்னால் வந்தாள்.

"யாருடா அது?"

"டெல்ராய்ம்மா."

"டிரைவரா?"

"நான் டிரைவர் இல்லீங்க" என்றான் டெல்ராய் மெதுவாக. "பஸ் கம்பெனியில கணக்கெழுதுறேன்."

வின்னி என்னிடம் திரும்பினாள். "அப்ப நீ?"

"எனக்கு க்ளெனிஸ்னு ஒருத்தி இருக்கா."

அங்கே கிடந்த ஒலிபெருக்கிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒரு கிழவிய நடுவுல உக்கார வச்சு மூணு பேரும் சிரிச்சிருக்கீங்க" என்றாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எல்லிஸ் பின்னாலேயே ஓடினான். திரும்பி வந்தபோது, "கூட வராதேன்னுட்டாங்க" என்றான்.

அடுத்த ஞாயிறு யாருக்கும் அழைப்பில்லை. அதற்கடுத்த ஞாயிறு எல்லிஸையும் டெல்ராயையும் கூப்பிட்டாள். அன்று சாயங்காலம் எல்லிஸ் என் வீட்டுக்கு வந்து, "டெல்ராய்க்கு ஒரே ஒரு உருளைக்கிழங்குதான் வச்சாங்க. ஆனா வச்சாங்க" என்றான். அவன் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"என்னைக் கேட்டாங்களா?"

"இல்ல நோர்."

நல்லது என்றேன். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அவன் போனதும் ட்ரம் மெஷினைக் கழற்றித் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. க்ளெனிஸ் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெற்றவள் கதவைச் சாத்தியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தத் தடவை கோபம் வரவில்லை, வெறும் வலிதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழையில் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். அதே கோட்டு, அதே தொப்பி. சட்டென்று குனிந்துகொண்டேன். இருபத்தாறு வயதுப் பெண் செய்கிற காரியமா? ஆனால் செய்தேன். கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடி தூக்கப்பட்டது.

"நோரீன்! உள்ளதான் இருக்கே. தலை தெரிஞ்சுது."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். "என்ன திட்டணுமோ அங்கேருந்தே திட்டிடுங்க, மிஸஸ் ஹார்க்ரீவ்ஸ்." இனி அம்மா என்று கூப்பிட முடியுமா?

"திட்டத்தான் வந்தேன். நீ என் மருமகள்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ கம்முனு உக்காந்து சாப்பிட்டே. எல்லிஸ் பயந்தாங்கொள்ளி, அவங்கப்பன் மாதிரி. உனக்கென்னடி பயம்? உன்னை நான் என்ன பண்ணிடுவேன்?"

"கூப்பிடாம விட்டுடுவீங்கன்னு."

துவாரத்தின் மூடி விழுந்தது. மறுபடி தூக்கப்பட்டது.

"ஆமா. விட்டுட்டேன்" என்றாள். "அவன் நான் பெத்தது. என்னைக்கிருந்தாலும் மன்னிச்சுத்தான் ஆகணும், எனக்கு வேற வழியில்ல. உன்னை மன்னிக்க எனக்கென்ன கட்டாயம்? நீ மகளும் இல்ல, மருமகளும் இல்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல. இத்தனை நாளும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு, ரெண்டு பஸ் மாறி, இந்த மழையில வந்து, உன் வீட்டுக் கதவு ஓட்டையில குனிஞ்சு பேசிக்கிட்டிருக்கேன். முட்டி வலிக்குது. திறக்கப்போறியா இல்லியா?"

எழுந்தேன். கண்ணீரில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. க்ளெனிஸ்தான் பின்னாலிருந்து கை நீட்டித் திறந்தாள்.