டுவோமோவின் தலைக்குள் இருந்த பட்டறை

குமாசி நகரத்துச் சுவாமே பட்டறைத் தெருவில், லாரி மெக்கானிக் டுவோமோவின் தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் அவருடைய அறுபத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நின்றுபோனது. பத்தாயிரம் சுத்தியல் அடிக்கிற இடத்தில் ஒன்று குறைந்ததை யார் கண்டார்கள்? அவர் மனைவி பிராகோ மட்டும்தான் கண்டுபிடித்தாள். முப்பத்தாறு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் அவள். மதியம் அவர் கண்ணயர்ந்தால் சத்தம் இரண்டு மடங்காகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே டுவோமோ ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடினார். மறுவாரம் கால் தடுமாறியது. மூன்றாம் மாதம் பிராகோவைப் பார்த்து, அம்மா எந்த வண்டிக்காக வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். அவள் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

நரம்பு டாக்டர் குவான்சா அவர் தலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். தோலும் ரத்தமும் தேய்ந்தால் உடம்பு புதிதாகச் செய்துகொள்ளும். நரம்புச் செல்லுக்கு அந்த வசதி கிடையாது, பிறந்தபோது வந்ததுதான் கடைசிவரை. அது பிழைக்கிற வழியெல்லாம் எழுதிய டிஎன்ஏ இழை அதற்குள் இருக்கிறது. அந்த இழை தினமும் அறுகிறது, புதிதாக ஒன்றைக் கற்றால்கூட அறுகிறது. உள்ளே இருக்கும் ரிப்பேர்காரர்கள் ஓடுகிற எஞ்சினிலேயே கைவைத்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இவருடைய ஆட்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். மருந்து இல்லை, நீங்களே பேசிப் பாருங்கள்.

பிராகோ வீட்டுக்கு வந்து புருஷனின் இடது காதில் குனிந்து காரணம் கேட்டாள். உள்ளிருந்து வந்த குரல் களைத்திருந்தது.

"அறுபத்தோரு வருஷமா தொழில் பழகிக்கிட்டே இருக்கோம்மா. இன்னும் எங்க தலையில பவுடர் விழல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவாமேயில் தொழில் பழகி முடித்தவனுக்கு, எல்லார் முன்னாலும் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டி, இனி நீயும் மாஸ்டர் என்று விடுதலை கொடுக்க வேண்டும். இதில் டுவோமோ மகா கஞ்சன். மூன்று வருஷத்தில் விட வேண்டியவனை ஏழு வருஷம் இழுத்தடிப்பார். தலைக்குள் இருப்பவர்களை அவர் நினைத்தே பார்த்ததில்லை. ஆனால் பவுடர் விழுந்தவன் மறுநாளே போய்த் தனிப்பட்டறை போட்டுவிடுவான், அதுவும் வழக்கம்தான். விடாவிட்டால் வேலை நடக்காது. விட்டால் ஆளே மிஞ்சாது. பிராகோவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை தெரு ஜனங்களையெல்லாம் வரவழைத்து, தரையில் ஜின் ஊற்றி முன்னோரை அழைத்து, டுவோமோவின் வழுக்கைத் தலையில் நான்கு டப்பா பவுடரைக் கவிழ்த்தாள்.

"இனிமே நீங்க எல்லாரும் மாஸ்டர்தான். போறவங்க நல்லபடியா போங்கப்பா." கூட்டம் கைதட்டியது. டுவோமோ தும்மினார்.

மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது பிடரியில் ஒரு தட்டல் கேட்டது. பிறகு கண்ணுக்குப் பின்னால், பிறகு முதுகுத்தண்டு நெடுக. போக வேறு இடம் ஏது? ஆளுக்கொரு பட்டறையாக அங்கேயே போட்டுவிட்டார்கள், போட்டி வேறு. டுவோமோ எழுந்து நிலக்கடலை சூப்பை ஒரு வாய் குடித்தார்.

"பிராகோ, உப்பை அள்ளிக் கொட்டிருக்கியே."

முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் பேச்சுக்கு அவள் சண்டைக்குப் போகாதது அன்று ஒரு நாள்தான். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டுவோமோ இப்போதெல்லாம் யாரையும் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பவுடர் டப்பா கருவிப் பெட்டியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுவாமே முழுக்க அடங்கிக் கிடக்கும்போதும் அந்த ஒரு வீட்டில் சுத்தியல் கேட்கும். பக்கத்து வீட்டார் சாப்பாட்டுக்கு உரலில் ஃபுஃபுக் கிழங்கு இடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிராகோ அதைக் கேட்டபடி தூங்குகிறாள்.