எட்டு கார் நிற்கும் குழி

அந்த வணிக வளாகத்தில் குழாய், மோட்டார், மூடி, ஓட்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பு ‘பைப்பு’தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். மாதம் ஒரு முறை அவர் நகராட்சிக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழும் மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் வளாகத்துக்குள்ளேயே மண்ணில் இறங்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பின்சுவர் ஓரமாகப் பெரிய குழி வெட்டி, அடியில் ஜல்லியும் மணலும் பரப்பியிருந்தார்கள். ‘மழைநீர் எங்கே போகிறது?’ என்று படிவம் கேட்கும். ‘குழிக்குள்’ என்று பைப்பு எழுதுவார். கூடவே ஒரு போட்டோ வைக்க வேண்டும்.

குழி வெட்டிய முதல் மாதம் நல்ல மழை. கரையில் நின்று அவர் எடுத்த போட்டோ பிரமாதமாக வந்துவிட்டது. பாதிக் குழி தண்ணீர், தண்ணீரில் மேகம். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

நாலு மாதம் கழித்து மேனேஜர் வந்து பார்த்தார். குழி காய்ந்து கிடந்தது. மழை இல்லாத நாளில் அது அப்படித்தான் கிடக்கும். ஆனால் மேனேஜர் கண்ணுக்கு அங்கே எட்டு கார் தெரிந்தது. ஒரே வாரத்தில் மண் கொட்டி, கான்கிரீட் போட்டு, வெள்ளைக் கோடும் இழுத்தாயிற்று.

“சார், படிவத்துல என்ன எழுதுறது?”

“இத்தனை நாள் எழுதினதையே எழுது. வேற எழுதணும்னா வேற வேலையும் பாத்துக்க.”

பைப்பு அதையே எழுதினார். அன்று முதல் மாதாமாதம் அதே போட்டோ, தேதி மட்டும் புதிது. கொளுத்தும் கோடையிலும் குழியில் பாதித் தண்ணீர் நின்றது. நகராட்சியில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, போட்டோ தெளிவாக இருப்பதாகப் பாராட்டி ஒரு குறிப்பு வந்தது.

தண்ணீருக்குப் படிவம் படிக்கத் தெரியாது. அது கான்கிரீட்டில் வழிந்து, சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பின் தெருவில் இறங்கியது. அந்தத் தெருவில் எல்லாவற்றையும் விடப் பள்ளமான கடைசி வீடு, பைப்புவின் அக்கா வீடு. புருஷன் போன பிறகு இரண்டு தையல் மிஷின்தான் அவள் பிழைப்பு. போன வருஷ மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பைப்பு ஓடிப்போய் மிஷின்களைக் கட்டில்மேல் தூக்கி வைத்தார். ஒன்று பிழைத்தது. மற்றதன் மோட்டார் போய்ச் சேர்ந்தது.

“இந்தத் தண்ணி எங்கேருந்துடா வருது?” என்று அக்கா கேட்டாள்.

“மேலேருந்துதான்” என்றார் பைப்பு.

அன்று முழுக்க அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மாதக் கடைசியில் படிவம் போயிற்று.

இந்த வருஷம் முதல் மழையிலேயே தண்ணீர் வாசற்படி ஏறியது. அக்கா தம்பியிடம் மூச்சு விடாமல் நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டாள். இருபதே நாளில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகப் பம்ப் அறைக்கே வந்துவிட்டாள்.

“படி” என்றாள்.

வளாகத்தின் மழைநீர் முழுவதும் குழிக்குள் இறங்குவதாகவும், புகாரில் உண்மை இல்லை என்றும், ஆதாரமாகச் சென்ற மாதம் எடுத்த போட்டோ இணைக்கப்பட்டுள்ளதாகவும் கடிதம் சொன்னது. பைப்பு போட்டோவைப் பார்க்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

“இந்தக் குழி எங்கடா இருக்கு?”

“பின்னாடி.”

“பின்னாடி வழியாத்தான் வந்தேன். எட்டு கார் நிக்குது.”

அக்கா போட்டோவின் கீழ் மூலையில் விரலை வைத்தாள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். அங்கே ஒரு கால் கட்டைவிரலும், சிவப்பு வார் வைத்த செருப்பின் நுனியும் தெரிந்தன. மூன்று வருஷத்தில் அதை நகராட்சி பார்க்கவில்லை. மனப்பாடமாக வைத்திருந்தவரும் பார்க்கவில்லை.

“இது நான் வாங்கிக் குடுத்த செருப்பு. போன வருஷம் என் வீட்ல மிஷினைத் தூக்குறப்ப அறுந்துச்சு. நான்தான் குப்பையில போட்டேன். போன மாசம் இதை எப்படிடா போட்டுக்கிட்டு நின்னே?”

அக்கா திட்டுவாள் என்று பைப்பு பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“இன்னும் ஒரு மிஷின் இருக்கு” என்றாள். “அதுவும் போனா நான் என்ன பண்றதுன்னு அந்தக் கடுதாசில எழுதியிருக்கான்னு பாரு.”

கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் பட்டப்பகலில் மழை கொட்டித் தீர்த்தது. பைப்பு மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனார். முதலில் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றினார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, குனிந்து ஒரு போட்டோ எடுத்தார். இந்த முறை செருப்பு தெரியவில்லை. காலே முழங்காலுக்குக் கீழ் தெரியவில்லை. படிவத்தை மிஷின் பலகைமேல் விரித்து, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“வேலை போயிடுமேடா” என்றாள் அக்கா.

“போகட்டும். எனக்குத் தைக்கத் தெரியாதா என்ன?”

“தெரியாது.”

பைப்பு தலையாட்டினார். ‘மழைநீர் எங்கே போகிறது?’ என்று படிவம் வழக்கம்போலக் கேட்டது.

‘என் அக்கா வீட்டுக்குள்’ என்று எழுதினார்.