தொண்ணூற்றொன்பது வரை

தீர்ப்பு வாசிக்கப்பட்ட வியாழக்கிழமை பதினொன்றே காலிலிருந்து, பெரியவள் நடக்கும் இடமெல்லாம் அவளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழந்தையின் ஈரக் காலடிகள் விழத் தொடங்கின. பன்னிரண்டு அடி வைத்ததும் அவை சேர்ந்து நிற்கும். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. நீதிமன்றத்தைத் துப்புரவு செய்பவள் இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள், அலுத்துப்போய் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள்.

பெரியவளுக்கு அப்போது பத்து வயது. தன் படம் வரையும் நோட்டைக் கிழித்துவிட்ட கோபத்தில், நான்கு வயதுத் தங்கையை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி மூடியைப் போட்டு, "நூறு எண்ணு, திறக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்ன சொல் தவறாமல் மூடியருகிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். நூறு வரவேயில்லை. சின்னவளுக்கு எதுவரை எண்ணத் தெரியும் என்று நீதிபதி கேட்டார். "பன்னெண்டு" என்றாள் பெரியவள். அம்மாவும் சாட்சிக் கூண்டில் அதையேதான் சொன்னாள், விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அன்று பெரியவளிடமிருந்து திருப்பிய முகத்தை அம்மா அதற்கப்புறம் அவள் பக்கம் திருப்பவில்லை.

சிறார் இல்லத்தில் ஆறு வருடம். குழாய் கசிகிறது என்று அங்கே மூன்று முறை தரையைப் பெயர்த்தார்கள். பதினாறு வயதில் வெளியே விட்டபோது கோப்பும் கூடவே வந்தது. ஒரு பள்ளியும் இரண்டு கடைகளும் கோப்பைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தின. கடைசியில் ஒரு சலவைக் கடைக்காரி சேர்த்துக்கொண்டாள். கோப்பை அவளும் படித்தாள். படித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "ஒரு சம்பளத்துக்கு ரெண்டு பேரா? சரி, கஞ்சி போட்ட துணிமேல மட்டும் நடக்காதீங்க" என்றாள். இஸ்திரி போடுகிற பெண்களோ, தண்ணீர் தெளிக்கும் வேலை மிச்சம் என்று விரிப்புகளைத் தரையில் பரப்பி, "இந்தப் பக்கம் ஒரு நடை நட" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ஆறு வருடத்தில் அவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை என்பதால் பெரியவள் நடந்தாள்.

ஒரு வருடம் கழித்து, மகள் அங்கே இருப்பது தெரியாமல், போர்வை வெளுக்கப் போட அம்மா வந்தாள். குனிந்த தலை நிமிராதவள் என்பதால் தரைதான் முதலில் கண்ணில் பட்டது. வலது பாதத்தில் சுண்டுவிரல் பதியாத, சின்னவளின் காலடி. போர்வையை அப்படியே போட்டுவிட்டு அந்தக் காலடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடியே, "வீட்டுக்கு வா" என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்பது பெரியவளுக்குத் தெரியும். இருந்தும் போனாள்.

அன்று மாலை பெரியவள் கூடத்தில் நடந்தாள். பன்னிரண்டில் காலடிகள் சேர்ந்து நின்றபோது அம்மா, "பதிமூணு, கண்ணு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு ஈரப்பாதம் விழுந்தது. அம்மா சிரித்தாள், தரையைப் பார்த்துத்தான். அதிலிருந்து தினமும் பெரியவள் சுவருக்குச் சுவர் நடக்க, அம்மா பின்னாலேயே எண்ணிக்கொண்டு வருவாள். முப்பது பிடிபட ஒரு மாதம், எழுபதுகளில் ஏகப்பட்ட தடுமாற்றம். நூறு வந்துவிட்டால் அம்மா தலை நிமிர்ந்து தன்னைப் பார்ப்பாள் என்று பெரியவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் கால் வலித்தும் நடந்தாள்.

தொண்ணூற்றொன்பது வந்த மாலையில் அம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏழு வருடத்தில் முதல்முறை.

"போதும்."

"ஒண்ணே ஒண்ணுதான்மா பாக்கி. நூறு சொன்னா திறக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

அம்மா நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாள். "திறந்தா போயிடுவாடி. திறக்காதே."

நூறு பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவின் கண்கள் இன்னும் அவள் முகத்தில்தான் இருந்தன. நூறை விழுங்கிக்கொண்டாள்.

இப்போதும் அந்த வீட்டில் மாலைதோறும் தொண்ணூற்றொன்பது வரை எண்ணுகிறார்கள். பிறகு அம்மா தரையைத் துடைக்கிறாள், பெரியவள் துணியைப் பிழிகிறாள். வருகிறவர்கள் வழுக்கி விழாமலிருக்கக் கூடத்தில் ஒரு சாக்கு விரித்திருக்கிறார்கள்.