தெருவை அகலமாக்கினார்கள்

மர்பி டவுனில் தன் தெருவிலேயே ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று கேட்டதிலிருந்து சந்திரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுகிறவள் வேற்றாள் இல்லை; அதே தெருவில் பிறந்து, டாக்டருக்குப் படித்த யூனிஸ். அப்பா விட்டுப்போன பழைய வீட்டை இடித்துவிட்டு, பத்துப் படுக்கையோடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.

சந்திரம்மாவின் மூத்த மகள் ரூபினி, பிரசவ வலியோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே, அல்சூர் சாலை நெரிசலில், ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தவள். வயிற்றிலிருந்ததும் தங்கவில்லை. யூனிஸ் கடைக்கால் தோண்டிய அன்று சந்திரம்மா அந்த மண்ணில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

தூண்கள் ஆள் உயரம் எழும்பிய சமயத்தில், நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து வேலையை நிறுத்தினார்கள். குறுகலான தெருவில் புது ஆஸ்பத்திரி கூடாதென்று அந்த வருஷம்தான் உத்தரவாம். யூனிஸுக்குத் துணையாகச் சந்திரம்மாவும் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி சீனிவாசராகவன் கடுகடுப்பானவரில்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"முப்பதடி ரோடு வேணும் மேடம். உங்க தெரு இருபதுகூட இல்லை. தீப்பிடிச்சா ஃபயர் வண்டி எப்படி உள்ள வரும்?"

"தெரு அகலமாச்சுன்னா?" என்றாள் சந்திரம்மா.

"ஆச்சுன்னா பாக்கலாம்மா." நடக்கிற காரியமா என்ற நினைப்பில் அவர் சொல்லி வைத்தார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "முன்னால கொஞ்சம் வுட்டுக் குடுங்க. நம்ம பொண்ணுங்களுக்குத்தான?" டீக்கடை நாணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கணவன் பெருமாள்சாமியே கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? முன் ரூம் போச்சுன்னா நரேஷும் மருமகளும் எங்க படுப்பாங்க?"

"அவுங்க உள்ள படுக்கட்டும். நாம அடுப்பாண்ட முடங்கிக்கலாம்."

 ஞாயிற்றுக்கிழமை பெருமாள்சாமி கடப்பாரை வாங்கி வந்து, சொந்த வீட்டு முன்சுவரில் முதல் குத்து அவனே குத்தினான். பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சம்மட்டியோடு வந்தார். ஒன்றைப் பார்த்து ஒன்றாக, இரண்டு பக்கமும் வீடுகளின் முகம் உதிர்ந்தது. கடைசியில் நாணுவும் கடைப் பலகையைக் கழற்றினார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, கல்யாண வீடு மாதிரி எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சீனிவாசராகவன் வந்து பார்த்தார். திறந்து கிடந்த வீடுகளுக்குள் அடுப்பும் கட்டிலும் தெரிந்தன.  டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே தெருமுனைக்குப் போனவர், அங்கே நின்றுவிட்டார்.

"இங்க குறுகுதே மேடம். மெயின் ரோடு வரைக்கும் முப்பதடி இருக்கணும்."

"அது மிலிட்டரி காம்பவுண்டுச் சுவர் சார்! அதை நாங்க எப்படி இடிக்க முடியும்?" என்றாள் யூனிஸ்.

"தெரியுது மேடம். என் கையில ஒண்ணுமில்லை." சந்திரம்மா நின்ற பக்கம் அவர் திரும்பவேயில்லை.

யூனிஸ் ராணுவ அலுவலகங்களுக்கு அலைந்தாள். சுவரை நகர்த்த முடியாதென்று கடைசியில் பதில் வந்தது. மழையில் தூண் கம்பிகள் துருவேறின. மறு வருஷம் அந்த மனையை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தாள். சந்திரம்மா வீட்டு முன்பக்கத்தில் சுவருக்குப் பதிலாக ஒரு தார்ப்பாய் தொங்கியது.

"உங்களையெல்லாம் வீட்ட இடிக்க வெச்சுட்டு நான் போறேன்கா."

"நீ இன்னா பண்ணுவ கண்ணு." சந்திரம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மருமகள் வீணா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு வயிறு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"உன் புது ஆஸ்பத்திரி எங்க கீது?"

"ஒயிட்ஃபீல்டு தாண்டிக்கா."

"இங்கேந்து பஸ்ஸு நேராப் போவுமா?"

 "ரெண்டு பஸ் மாறணும்கா."

"ரெண்டு பஸ்ஸா," என்றாள் சந்திரம்மா. வீணாவின் வயிற்றைப் பார்த்தபடியே காப்பியை யூனிஸ் பக்கம் நகர்த்தினாள். யூனிஸ் காப்பியைத் தொடாமல் அழுதாள்.